பாகு ஆறும் வரை

கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டிலோடு கிடந்தபோதுதான் லேசான விஷயங்களின் மேல் எனக்கு மரியாதை வந்தது. அதற்கு முன்னால் பிடிக்காது என்றில்லை. பிடிக்கும், ஆனால் வெளியே சொல்லும்போது ‘சும்மா டைம்பாஸுக்கு’ என்று இரண்டு வார்த்தை சேர்த்துக்கொள்வேன். வீட்டில் கிளறிய இனிப்பு, இருநூறு பக்கக் காதல் நாவல், பத்து மேஜை போட்ட சின்ன உணவகம். இவற்றைப் பற்றி என் மனதில் எப்போதும் நிறையக் கருத்துகள் உண்டு. எது நன்றாக இருக்கிறது, எது ஏமாற்றுகிறது, ஏன் என்று மணிக்கணக்கில் பேசுவேன். எழுதியது மட்டும் இல்லை.

படுத்த முதல் வாரம், ஓய்வு கிடைத்தால் படிக்கலாம் என்று வருஷக்கணக்காக எடுத்து வைத்திருந்த கனமான புத்தகங்களைக் கட்டிலுக்குப் பக்கத்தில் அடுக்கிக்கொண்டேன். வலி மாத்திரை போட்ட மூளைக்கு அவை ஏறவே இல்லை. ஒரே வரியைக் கண் நாலு முறை கடந்து போகும், ஒன்றும் தங்காது. நாலாவது நாள் அக்கா வந்தாள். கையில் ஒரு தகர டப்பாவும் துணிப்பையும் இருந்தன. டப்பாவில் வெண்ணெய்த்தாள் விரித்து அடுக்கிய ஃபட்ஜ் என்ற இனிப்புத் துண்டுகள், பையில் நாலு காதல் நாவல்கள். அடுக்கி வைத்த புத்தகங்களை ஒரு பார்வை பார்த்தாள். “இதெல்லாம் கால் சேர்ந்த பிறகு படிக்கலாம்டி” என்று எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

அந்த ஃபட்ஜைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பால், சர்க்கரை, வெண்ணெய், கோகோ, ஒரு சிட்டிகை உப்பு, அவ்வளவுதான். கடித்தால் முதலில் லேசாக எதிர்க்கும், அடுத்த நொடி நாக்கில் மணல்மணலாக இல்லாமல் வழவழவென்று கரைந்து போகும். கடைகளில் வாங்கியதில் அந்தக் கரைதலை நான் அதிகம் பார்த்ததில்லை. நடக்க ஆரம்பித்ததும் முதல் வேலையாக அக்காவின் சமையலறையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

அடிகனமான பாத்திரம் வேண்டும், இல்லாவிட்டால் பால் அடிபிடித்துவிடும். சர்க்கரை முழுக்கக் கரையும் வரை கிளறலாம். கொதி வந்துவிட்டால் கரண்டியை வெளியே எடுத்துவிட வேண்டும். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய சர்க்கரைத் துணுக்குகளை, தண்ணீரில் நனைத்த பிரஷ்ஷால் துடைத்து உள்ளே இறக்க வேண்டும். வெப்பமானி 112-லிருந்து 115 டிகிரி செல்சியஸுக்குள் காட்டும்போது அடுப்பை அணைக்கலாம். வெப்பமானி இல்லாதவர்கள் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் திரட்டிப் பார்க்கலாம். மெத்தென்று உருண்டு வர வேண்டும், எடுத்தால் விரலில் தளர்ந்து உட்கார வேண்டும். அது உருட்டுப் பதம். இதுவரை எல்லாரும் சரியாகச் செய்துவிடுவார்கள். கெடுவது இதற்கு அப்புறம்தான்.

இறக்கிய பாகை அப்படியே விட வேண்டும். கிளறக் கூடாது, ஆட்டக் கூடாது, ருசி பார்க்கிறேன் என்று ஸ்பூனை விடக் கூடாது. 45 டிகிரிக்கு இறங்கும் வரை, அதாவது பாத்திரத்தின் அடியில் கை வைத்தால் இதமாகச் சுடும் அளவுக்கு வரும் வரை, காத்திருக்க வேண்டும். நான் கற்றுக்கொண்ட அன்று மூன்று முறை கரண்டியை எடுத்தேன். மூன்று முறையும் அக்கா “தொடாதேடி, அது தானா ஆறட்டும்” என்று வாங்கி வைத்துவிட்டாள். காரணம் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை, கை மட்டும் தெரிந்து வைத்திருந்தது. பின்னால் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். சூடாக இருக்கும்போது கிளறினால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில சர்க்கரைப் படிகங்கள் உண்டாகி, மீதிச் சர்க்கரையெல்லாம் அவற்றின் மேல் போய் ஒட்டிப் பெரிதாக வளர்கின்றன. நாக்கில் உறுத்துகிற மணல் அதுதான். நன்றாக ஆறிய பிறகு விடாமல் அடித்துக் கிளறினால் லட்சக்கணக்கான படிகங்கள் ஒரே நேரத்தில் பிறக்கின்றன. ஒன்றுக்கும் வளர இடம் கிடைப்பதில்லை. அத்தனையும் நாக்குக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாக நின்றுவிடுகின்றன. கிளறிக்கொண்டே இருக்கும்போது பளபளப்பு சட்டென்று மங்கும் ஒரு கணம் வரும். அந்தக் கணத்தில் தட்டில் கொட்டிவிட வேண்டும். அரை நிமிஷம் தாமதித்தால் பாத்திரத்திலேயே கட்டியாகிவிடும்.

இந்த இனிப்பைப் பரப்பியவர்கள் விடுதி மாணவிகள் என்று படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அமெரிக்காவின் வாஸர் பெண்கள் கல்லூரியில் எமிலின் ஹார்ட்ரிட்ஜ் என்ற மாணவி 1888-ல் கல்லூரி ஏலத்துக்காக 30 பவுண்டு, கிட்டத்தட்ட பதின்மூன்றரைக் கிலோ, ஃபட்ஜ் செய்ததாகக் கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். வெல்லெஸ்லி, ஸ்மித் என்ற மற்ற இரண்டு பெண்கள் கல்லூரிகளும் தங்கள் தங்கள் பெயரில் ஆளுக்கொரு செய்முறை வைத்திருந்தன. பதின்மூன்று கிலோ பாகை ஆறவிட்டுக் கையால் கிளறியவரின் தோளை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு கிலோவுக்கே எனக்கு மறுநாள் கை தூக்க முடியவில்லை.

வீட்டில் செய்தது என்பதாலேயே ஒரு பண்டம் நன்றாக இருந்துவிடாது. இதில் என் கருத்து உறுதியானது. வீட்டில் செய்த மோசமான கேக் நிறையச் சாப்பிட்டிருக்கிறேன். நடுவில் வேகாதது, சோடா உப்பு தூக்கலாகி நாக்கின் பின்பக்கம் சோப்பு போலத் தங்குவது, அலங்காரத்துக்கே அத்தனை நேரமும் போய் உள்ளே ருசி இல்லாதது. வீட்டில் செய்வதால் கிடைக்கும் உண்மையான அனுகூலம் வேறு. இன்னாருக்குச் செய்கிறோம் என்று தெரியும். அக்கா எனக்குச் செய்யும்போது உப்பை ஒரு விரல் கூட்டிப் போடுவாள், எனக்கு அது பிடிக்கும் என்பதால். அவள் மாமியாருக்குச் செய்யும்போது சர்க்கரையைக் குறைத்து, பல்லுக்கு இதமாகச் சின்ன வில்லைகளாகப் போடுவாள். ஆயிரம் பேருக்குச் செய்கிறவர் ஆயிரம் பேருக்கும் நடுவில் உள்ள ஒரு ருசியைத்தான் தேட முடியும். ஒரே ஒரு நாக்கை நினைத்துச் செய்கிற சுதந்திரம் வீட்டில்தான் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல், படத்தில் பார்த்த மாதிரியே வர வேண்டும் என்று கஷ்டப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

பிஸ்கட்டில் நான் முதலில் திருப்பிப் பார்ப்பது அடிப்பக்கம். மேலே பொன்னிறமாக இருந்தாலும் அடி வெளிறியிருந்தால் ஓவன் சரியாகச் சூடாகும் முன்பே தட்டை உள்ளே தள்ளியிருக்கிறார்கள். பிசைந்த மாவை ஃபிரிட்ஜில் ஓர் இரவு வைத்துச் சுட்டால் மாவு ஈரத்தை முழுக்க உறிஞ்சிக்கொள்ளும், சிவந்து வரும் மணமே வேறாக இருக்கும். சாக்லேட் துண்டு போட்ட பிஸ்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது எப்படிப் பிறந்தது என்று கேட்டால் பலரும் ஒரு கதை சொல்வார்கள்: அவசரத்தில் ஏதோ தீர்ந்துபோனது, கையில் கிடைத்த சாக்லேட்டை உடைத்துப் போட்டார்கள், உருகாமல் அப்படியே நின்றுவிட்டது. உண்மை அப்படியில்லை. அதை முதலில் செய்த ரூத் வேக்ஃபீல்ட் மனையியல் படித்துப் பட்டம் வாங்கியவர். 1930-லிருந்து கணவருடன் மாசசூசெட்ஸில் டோல் ஹவுஸ் என்ற விடுதி உணவகத்தை நடத்தியவர். ஐஸ்கிரீமோடு கொடுத்துவந்த மெல்லிய பிஸ்கட்டுக்கு மாற்றாக வேறொன்று வேண்டும் என்று யோசித்தே செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1938-ல் அவருடைய சமையல் புத்தகத்திலும் அது வந்தது. ஆனாலும் தற்செயல் கதைதான் இன்றுவரை ஓடுகிறது. ஒரு பெண் யோசித்துக் கணக்குப் போட்டுச் செய்த சின்ன இனிப்பு தானாக நடந்துவிட்டதாகவே உலகம் நினைக்க விரும்புகிறது. இது எனக்குக் கோபம் வரும் விஷயம். காதல் நாவல்களைப் பற்றிப் பேசும்போதும் இதே கோபம் வரும்.

சரி, நாவல்களுக்கு வருகிறேன். அக்கா கொண்டுவந்த நாலில் முதலாவதை ஒரே மூச்சில் படித்துவிட்டேன். விவசாய நிலத்தை விற்க மறுக்கும் பெண், அதை வாங்க வந்தவன். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஆனால் மூன்றாவது அத்தியாயத்தில் அவள் ஒரு கதவைச் சரி செய்யும் காட்சி இருந்தது. கீல் ஏன் கிரீச்சிடுகிறது, எங்கே எண்ணெய் விட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அவன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், உதவிக்கு வரவில்லை, ஏனென்றால் அவளுக்கு உதவி தேவையில்லை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. வலி மறந்து சிரித்தேன். அன்று இரவு மாத்திரை போடாமலே தூங்கினேன் என்று அக்காவுக்கு ஃபோன் செய்து சொன்னேன்.

படுத்துக் கிடப்பவருக்கும் காதல் நாவலுக்கும் உள்ள உறவு பழையது. ஜார்ஜெட் ஹேயர் என்ற ஆங்கில எழுத்தாளர், இங்கிலாந்தின் ரீஜென்சி காலத்தை, அதாவது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை, களமாக வைத்து எழுதும் காதல் நாவல் வகைக்கே வழி போட்டவர். அவருடைய முதல் நாவல் புத்தகமாக்கும் எண்ணத்தோடு தொடங்கவில்லை. தம்பி போரிஸுக்கு ரத்தம் உறையாத நோய் இருந்தது. உடம்பு தேறிக்கொண்டிருந்த தம்பிக்குப் பொழுதுபோக வேண்டும் என்று பதினேழு வயது அக்கா சொன்ன கதை அது. அப்பாவுக்குப் பிடித்துப்போய்ப் பதிப்பிக்கச் சொன்னார். 1921-ல் வெளிவந்தபோது அவருக்கு வயது 19. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்த வகை நாவல் எதைக் கையில் எடுத்தாலும் கட்டிலில் கிடக்கும் ஒரு பையனும் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லும் அக்காவும்தான் ஞாபகம் வருகிறார்கள். அவன் அடுத்து என்ன என்று கேட்டிருப்பான். எங்கே சிரித்தான், எங்கே கொட்டாவி விட்டான் என்று பார்த்துப் பார்த்து அவர் கதையைத் திருப்பியிருப்பார். ஒரே ஒரு நாக்குக்காகக் கிளறிய பாகு மாதிரி.

எனக்கு ஒரு தோழி இருக்கிறாள், நல்ல வாசகி. கனமான நாவல்களை நிதானமாகப் படித்து ஓரத்தில் குறிப்பெழுதுபவள். என்னைப் பார்க்க வந்தவள் அக்கா கொடுத்த நாவல்களைப் புரட்டிவிட்டு, “கடைசியில ரெண்டு பேரும் சேரத்தான் போறாங்க. முடிவு முன்னாடியே தெரிஞ்சா எதுக்குப் படிக்கணும்?” என்றாள். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். அன்று எனக்குச் சரியான பதில் வரவில்லை. அப்புறம் பல நாள் யோசித்தேன்.

இந்த வகையின் இலக்கணமே அந்த முடிவுதான். 1980-ல் தொடங்கிய அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் இதற்கு இரண்டே நிபந்தனை வைத்தது: காதல்தான் கதையின் மையமாக இருக்க வேண்டும், முடிவு மனதுக்கு நிறைவாகவும் நம்பிக்கை தருவதாகவும் இருக்க வேண்டும். இரண்டாவது இல்லையென்றால் அது வேறு வகை நாவல். நல்ல நாவலாகக்கூட இருக்கலாம், ஆனால் இது அல்ல. முடிவு தெரிந்த பிறகு வாசகரின் கண் வேறு இடத்துக்குப் போகிறது என்பதுதான் நான் கண்டுகொண்டது. ‘என்ன ஆகும்’ என்ற பதற்றம் போய், ‘எப்படி’ என்ற கவனம் வருகிறது. கதவின் கீல் கண்ணில் பட்டது அதனால்தான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் இரண்டு உளவியலாளர்கள் 12 சிறுகதைகளை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2011-ல் வெளியான அந்த ஆய்வில், முடிவை முன்கூட்டியே தெரிந்துகொண்டு படித்தவர்கள் கதைகளைக் கூடுதலாக ரசித்ததாகத் தெரிந்தது. பின்னால் வந்த சில ஆய்வுகள் மாறாகவும் சொல்லியிருக்கின்றன, அதனால் இதை வைத்து நான் வாதாட மாட்டேன். என் அனுபவம் எனக்குப் போதும். பிடித்த நாவலை மூன்றாம் முறை படிக்கும்போதுதான் அதன் உரையாடல்கள் எவ்வளவு கச்சிதம் என்று தெரிகிறது.

முடிவு தெரிந்திருப்பதால் எழுதுகிறவருக்கு வேலை லேசாவதில்லை, கூடத்தான் செய்கிறது. பமீலா ரெஜிஸ் என்ற ஆய்வாளர் 2003-ல் எழுதிய நூலில், காதல் நாவலுக்கு இன்றியமையாத எட்டு உறுப்புகள் உண்டு என்கிறார். சமூகச் சூழல், சந்திப்பு, ஈர்ப்பு, தடை, காதலை வெளிப்படுத்துதல் என்று போகும் அந்தப் பட்டியலில் எனக்கு முக்கியமானது, ‘சடங்கு மரணம்’ என்று அவர் பெயர் வைத்த கட்டம். இனி இருவரும் சேரவே முடியாது என்று தோன்றும் இடம். சேர்வார்கள் என்று அட்டையைப் பார்த்தாலே தெரியும். ஆனாலும் அந்தப் பத்துப் பக்கத்துக்கு வாசகருக்கு நெஞ்சு அடைக்க வேண்டும். இதைச் சாதிப்பது எவ்வளவு பெரிய வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு காதல் நாவலை நான் எடைபோடுவது இந்த இடத்தில்தான். ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும் தப்பான புரிதலை வைத்து இருவரையும் பிரித்தால் புத்தகத்தை மூடிவிடுவேன். அவன் இன்னொருத்தியோடு நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்தாள், கேட்காமல் ஊரைவிட்டே போய்விட்டாள் என்றால் அது சண்டையில்லை, பக்கம் நிரப்புவது. ஆறும் முன்பே பாகில் கரண்டியை விடுவது போன்றது அது. வாசகர் நாக்கில் மணல் தட்டும். நல்ல நாவலில் பிரிவுக்குக் காரணம் முதல் அத்தியாயத்திலேயே அவர்களுக்குள் இருக்கும். நிலத்தை விற்க மறுப்பவளுக்கு அந்த நிலம்தான் செத்துப்போன அப்பா. அவனுக்கு அந்த விற்பனைதான் தன் வீட்டாரின் கடனிலிருந்து விடுதலை. இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேருக்கும் தேவை நியாயமானது, ஒரே நிலம். இதைப் பேசித் தீர்க்க முடியாது, ஒருவர் மாற வேண்டும். அந்த மாற்றத்தை அவசரப்படுத்தாமல், சரியாக அது மங்கும் கணத்தில் கொட்டத் தெரிந்தவர் கைகாரர்.

கதாநாயகன் கொடுமைக்காரனாக இருந்து கடைசிப் பத்துப் பக்கத்தில் திருந்துவது எனக்கு ஆகாது. கையைப் பிடித்து முறுக்குபவனின் காதலை நான் நம்ப மாட்டேன், அவன் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. கதாநாயகிக்கு வேலை இருந்தால் அந்த வேலையை அவள் செய்வதைக் காட்ட வேண்டும். கட்டடப் பொறியாளர் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு முந்நூறு பக்கத்திலும் அவள் ஒரு செங்கல்லைத் தொடவில்லை என்றால், எழுதியவர் அவளை மதிக்கவில்லை. அப்புறம் துணைப் பாத்திரங்கள். ஒரு பாட்டியோ, கடைக்காரரோ, பக்கத்து வீட்டுப் பையனோ நாலே வரி பேசினாலும், இந்தப் புத்தகத்துக்கு வெளியே அவர்களுக்கு ஒரு சொந்த வாழ்க்கை இருக்கிறது என்று தோன்ற வேண்டும். பிஸ்கட்டின் அடிப்பக்கம் மாதிரிதான் இதுவும். யாரும் திருப்பிப் பார்க்காத இடம்.

எல்லாரும் ஒரே அச்சில் வார்த்து எழுதுகிறார்கள் என்பார்கள். இந்த வகைக்கே பெயராகிவிட்ட மில்ஸ் அண்டு பூன் பதிப்பகம் 1908-ல் லண்டனில் தொடங்கியபோது எல்லா வகைப் புத்தகமும் போட்டது. அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டனைக்கூடப் பதிப்பித்தது. 1930-களில்தான் முழுக்கக் காதல் நாவல் பக்கம் திரும்பியது, வாடகை நூலகங்களில் அவை கையில் நிற்காமல் போய்க்கொண்டிருந்ததால். பழுப்பு அட்டை என்பதால், ‘அந்தப் பழுப்புப் புத்தகம்’ என்று கேட்டே வாசகர்கள் எடுத்துப் போனார்களாம். எழுதியவர் பெயர்கூட வேண்டியிருக்கவில்லை, அந்தப் பழுப்பு நிறம் ஒரு வாக்குறுதியாகவே ஆகிவிட்டது. நாள் முழுக்க உழைத்துக் களைத்த ஒருத்தி, காசு கொடுத்து எடுத்த புத்தகம் தன்னைக் கைவிடாது என்று தெரிந்து எடுத்துப் போகிறாள். அந்த வாக்கைக் காப்பாற்றியவர்களும் இருந்தார்கள், அசட்டையாக எழுதியவர்களும் இருந்தார்கள். எந்த வகை எழுத்தில்தான் இல்லை?

உணவகங்களைப் பற்றிச் சொல்ல எனக்கு இவ்வளவு இல்லை. ஆனால் ஒரு விஷயம் தெரிந்துகொண்டது முதல் அங்கே நுழையும்போது என் மனநிலையே மாறிவிட்டது. 18-ஆம் நூற்றாண்டுப் பாரீஸில் ‘ரெஸ்தொரான்’ என்றால் கடைக்குப் பெயர் இல்லை, ஒரு சூப்புக்குப் பெயர். இறைச்சியை நெடுநேரம் காய்ச்சி இறக்கிய தெளிந்த சாறு. உடம்பில் தெம்பில்லாதவர்களுக்குக் கொடுப்பது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு ‘மீட்டுத் தருவது’ என்று பொருள். 1760-களில் அந்தச் சாற்றை விற்கும் இடங்கள் வந்தன, பெயர் மெல்ல மெல்ல இடத்துக்குப் போனது. வரலாற்றாசிரியர் ரெபெக்கா ஸ்பாங் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அதற்கு முன் சத்திரத்தில் எல்லாருக்கும் ஒரே பெரிய மேஜை, ஒரே நேரம், வைத்ததைச் சாப்பிட வேண்டும். சூப் கடைக்கு வந்தவர்களோ உடம்புக்கு முடியாதவர்கள். அவரவருக்குப் பசிக்கும் நேரம் வேறு, ஒத்துக்கொள்வது வேறு. அதனால் தனி மேஜை வந்தது, விரும்பிய நேரத்தில் வரலாம் என்றானது, பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் வந்தது. இன்று நாம் சாதாரணமாக நினைக்கும் அத்தனை வசதியும் முடியாதவர்களுக்காக உண்டானது.

கட்டு பிரித்த பிறகு நான் முதலில் வெளியே சாப்பிடப் போனது ஊன்றுகோலோடு. போன முதல் இடத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, ஊன்றுகோல் வழியை மறைக்கிறது என்று எடுத்துக்கொண்டு போய்ச் சுவர் ஓரத்தில் சாய்த்துவிட்டார்கள். என் கைக்கு எட்டாத தூரம். கை கழுவப் போக இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. சாப்பாடு நன்றாகவே இருந்தது. ஆனாலும் பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் வேறோர் இடத்துக்குப் போனேன், பத்து மேஜைதான். பரிமாறுகிறவர் நடுத்தர வயதுக்காரர், என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. மூலை மேஜையில் நாற்காலியைக் கொஞ்சம் இழுத்துப் போட்டு, எதிர் நாற்காலியை எடுத்துவிட்டுக் கால் நீட்ட இடம் செய்தார். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தார், என் வலது கைக்கு எட்டும் தூரத்தில். பையிலிருந்து நாவலை எடுத்ததைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் டம்ளரை இடப்பக்கம் நகர்த்தி வைத்தார், புத்தகத்தில் தட்டிக் கொட்டிவிடாமல் இருக்க. ஒரு கிண்ணம் சூப் குடித்தேன். நாற்பது பக்கம் படித்தேன். அவர் ஒரு தடவைகூட பில்லை நீட்டவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தபோதுதான் வந்தார்.

தனியாக வந்த ஒருவரை எப்படி உட்காரவைக்கிறார்கள் என்பதைத்தான் இன்றுவரை நான் எந்த உணவகத்திலும் பார்க்கிறேன். கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்திலிருக்கும் மேஜையைக் காட்டினால் திரும்பிவிடுவேன். நூறு அயிட்டம் உள்ள மெனுவை நம்ப மாட்டேன். அத்தனையையும் தினமும் புதிதாகச் செய்ய எந்தச் சமையலறைக்கும் கை கிடையாது, பாதி ஃபிரீசரிலிருந்துதான் வர வேண்டும். பாட்டு சத்தமாக வைத்த இடங்களும் எனக்கு வேண்டாம். 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், ஹெட்ஃபோனில் உரத்த இரைச்சலைக் கேட்டபடி சாப்பிட்டவர்களுக்கு இனிப்பும் உப்பும் மங்கலாகவும், மொறுமொறுப்பு தூக்கலாகவும் தெரிந்திருக்கிறது. மாஸ்டர் உப்பைச் சரியாகப் போட்டு அனுப்பியும் ஸ்பீக்கர் அதை எடுத்துவிடுகிறது என்றால் அது அந்த மாஸ்டருக்குச் செய்யும் அநியாயம். தனியாகச் சாப்பிடும்போது புத்தகம் படிப்பது உணவை அவமதிப்பது என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நல்ல சூப்பும் நல்ல உரையாடலும் ஒன்றையொன்று கெடுத்ததை நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்தத் தோழிதான். போன வாரம் அவளுக்கு ஓர் அறுவை சிகிச்சை. முந்தாநாள் வீட்டுக்கு வந்துவிட்டாள், ஒரு மாதம் ஓய்வு. நேற்று ஃபோனில் குரல் ரொம்ப மெலிந்திருந்தது. வலி எப்படி, தூக்கம் வருகிறதா என்று பேசி முடித்த பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அப்புறம், “உன்கிட்ட இருக்கிறதுல ஒண்ணு கொண்டு வா. முடிவு நல்லா இருக்கணும், அதை மட்டும் பார்த்துக்க” என்றாள்.

எதைக் கொடுப்பது என்று இரவெல்லாம் யோசித்தேன். அவளுக்குக் கதையில் வரும் சண்டை நியாயமாக இருக்க வேண்டும். தையல் போட்டிருப்பதால் வாய்விட்டுச் சிரிக்க வைக்கும் புத்தகம் இப்போதைக்கு ஆகாது. எழுத்து கொஞ்சம் பெரிதாக அச்சிட்டிருந்தால் நல்லது, படுத்தபடி ஒரு கையால் பிடிக்கத் தடிமன் அதிகம் இருக்கக் கூடாது. காலையில் அலமாரியைக் குடைந்து கதவு சரி செய்யும் பெண்ணின் நாவலையே எடுத்தேன். அட்டை கொஞ்சம் கிழிந்திருந்தது, ஒட்டி வைத்திருக்கிறேன்.

அவளுக்கு கோகோவின் கசப்பு பிடிக்கும், அதனால் சர்க்கரையைக் குறைக்காமல் கோகோவை ஒரு ஸ்பூன் கூட்டியிருக்கிறேன். எழுத ஆரம்பிக்கும்போது அடுப்பிலிருந்து இறக்கினேன். நடுவில் இரண்டு முறை எழுந்துபோய்ப் பார்த்தேன், தொடவில்லை. கடைசியாகப் பார்த்தபோது 52 டிகிரி. வெண்ணெய் தடவிய தட்டு பக்கத்தில் தயாராக இருக்கிறது. இந்நேரம் 45-க்கு வந்திருக்கும், போய்க் கிளற வேண்டும்.